பெயரை விடாத பி.டி. ராஜன்

பொன்னம்பல தியாகராஜன் என்கிற பி.டி. ராஜன், 1892ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் தேதி கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள உத்தமபாளையத்தில் பிறந்தவர். நிறைய நிலபுலன் உள்ள குடும்பம். அவருக்கு மூன்று வயதிருக்கும்போது, 1895இல், முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் சுரங்கம் வழியாக மலையைக் கடந்து அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியது. அதே தண்ணீர்தான் வைகையில் கலந்து, பேரணையில் கால்வாய்க்குத் திரும்பி, அலங்காநல்லூர் பக்கத்து வயல்களை நனைக்கிறது. இன்றும் இங்குள்ள சம்சாரிகள் அதைப் ‘பெரியாத்துத் தண்ணி’ என்றே சொல்கிறார்கள்.

ராஜன் சிறுவயதிலேயே இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் லேஸ் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டில் ஜீசஸ் கல்லூரி, பிறகு பாரிஸ்டர் பட்டம். அவர் படிப்பை முடிக்கும் தறுவாயில், 1916 நவம்பரில், சென்னையில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தொடங்கியது. அரசு வேலையிலும் படிப்பிலும் பிராமணர் அல்லாதாருக்குப் பங்கு கேட்ட அமைப்பு அது. அது நடத்திய ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகையின் பெயரே கட்சிக்கும் ஒட்டிக்கொண்டு, நீதிக்கட்சி ஆனது.

1920இல் அந்தக் கட்சியின் சார்பில் ராஜன் சென்னை சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு இருந்த காலம் அது. 1930இல் அமைச்சரானவர், 1937 வரை பதவியில் நீடித்தார். இடையில் முதலமைச்சர் பொப்பிலி ராஜா விடுப்பில் போனபோது, 1936 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அந்த நாற்காலியும் ராஜனிடம் வந்தது. ஐந்து மாதம்கூட நிறையவில்லை. சாதனைப் பட்டியல் போட அது போதாது என்றாலும், மதுரைச் சீமையிலிருந்து போன ஒருவர் மாகாணத்தின் உச்சப் பதவியில் இருந்தார் என்பது சின்ன விஷயமில்லை.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் கட்சி சரிந்தது. 215 இடங்களில் 159ஐக் காங்கிரஸ் அள்ளியது. பொப்பிலி ராஜாவே வி.வி. கிரியிடம் தோற்றார். 1938 டிசம்பரில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்றிருந்த பெரியாரைக் கட்சி தலைவராக்கியது. ஜமீன்தார்களும் பட்டதாரிகளும் நடத்திய கட்சி தெருவுக்கு வந்த காலம் இது. 1944 ஆகஸ்டில் சேலம் மாநாடு கூடியது. வெள்ளைக்காரன் கொடுத்த ராவ்பகதூர் முதலிய பட்டங்களை விட்டுவிட வேண்டும், கட்சி இனி திராவிடர் கழகம் என்று தீர்மானம் ஆனது.

ஒரு பிரிவினர் இதை ஏற்கவில்லை. நீதிக்கட்சி என்ற பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டு தனியாக நின்றார்கள். முதலில் பி. ராமச்சந்திர ரெட்டி, பிறகு ராஜன் அதற்குத் தலைவர். 1952இல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. வேட்பாளருக்கு ஒன்றாகச் சின்னம் ஒட்டிய பெட்டிகள் வரிசையாக இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். ஒன்பது இடங்களில் நின்ற நீதிக்கட்சியில் ஜெயித்தது ராஜன் ஒருவர்தான், கம்பம் தொகுதியில். வரி கட்டியவர் மட்டும் ஓட்டுப் போட்ட காலத்திலும் ஜெயித்தவர், கூலி வேலை செய்தவர் ஓட்டுப் போட்ட காலத்திலும் ஜெயித்தார். அந்த வெற்றி கட்சிக்கா, சொந்த ஊரில் அவருக்கிருந்த மதிப்புக்கா என்றால், பின்னதற்கே என்று சொல்லத் தோன்றுகிறது. கட்சி அதற்குமேல் எழவில்லை.

பெரியாரின் வழியிலிருந்து ராஜன் விலகி நின்றதற்குக் கடவுள் நம்பிக்கையும் ஒரு காரணமாக இருந்திருக்கும். 1950இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையான பிறகு, புதிய ஐயப்பன் சிலையை ஊர் ஊராக ஊர்வலம் கொண்டுபோனதில் முன்னின்றவர் அவர். 1963இல் குடமுழுக்கு கண்ட மதுரை மீனாட்சியம்மன் கோயில் திருப்பணியையும் அவரே முன்னின்று நடத்தினார்.

1974 செப்டம்பரில் ராஜன் காலமானார். மதுரையில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. மகன் பி.டி.ஆர். பழனிவேல்ராஜன் 1996 முதல் 2001 வரை சட்டப்பேரவைத் தலைவராக இருந்தார். பேரன் 2021இல் நிதியமைச்சரானார். இருவரும் சேர்ந்தது தி.மு.க.வில் – சேலத்தில் பெயரை மாற்றிக்கொண்ட பிரிவின் வழியில் 1949இல் பிறந்த கட்சியில்.