உறவும் அமானத்தும்: கல்வராயன் மலையிலிருந்து ஒரு நோக்கு

ஈமான், அமானத், அம்ன் என்னும் மூன்று அறபுச் சொற்களுக்கும் வேர் ஒன்றே: அலிஃப், மீம், நூன். முதலாவது இறைநம்பிக்கை, இரண்டாவது பிறர் நம்பி ஒப்படைத்த பொருள், அதைக் காக்கும் நேர்மை, மூன்றாவது அச்சமற்ற நிலை. தமிழின் ‘நம்பிக்கை’ முதலிரண்டையும் ஒருவாறு தாங்கிக் கொள்கிறது. மூன்றாவது அதில் தொனிப்பதில்லை. ஆனால், மனிதர் தம் வாழ்வில் நிறைவு காண்பது எதனால் என ஆராய்வோர் இன்று வந்து சேர்ந்திருக்கும் இடம் இவ்வேருக்கு மிக அருகில் இருக்கிறது.

வாழ்க்கை நிறைவை அளக்க அவர்கள் ஓர் ஏணியைக் கற்பனை செய்யச் சொல்கிறார்கள். அடியில் சுழியம், உச்சியில் பத்து. இன்று தாங்கள் நிற்கும் படி எது? ஹாட்லி கேன்ட்ரில் 1965இல் வெளியிட்ட முறை இது. 2012 முதல் வெளிவரும் ‘உலக மகிழ்ச்சி அறிக்கை’ இதையே பின்பற்றுகிறது. அதன் 2025ஆம் ஆண்டுப் பதிப்பு இன்னொரு கேள்வியையும் ஆராய்ந்தது. தங்கள் பணப்பை தொலைந்து, அது அண்டை வீட்டார், அறிமுகமற்றவர், காவலர் ஆகியோருள் ஒருவர் கையில் கிடைத்தால் திரும்பி வருமா? வரும் என நம்புவோர் வாழ்வில் கூடுதல் நிறைவு காண்பதாக அவ்வறிக்கை கூறுகிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 40 நாடுகளில் 17,000க்கும் மேற்பட்ட பணப்பைகள் ‘கண்டெடுத்தவை’ என ஒப்படைக்கப்பட்டன. 38 நாடுகளில், வெறும் பையைவிடப் பணமுள்ள பையே அதிகமாக உரியவரைத் தேடி வந்தது. மனிதரைப் பற்றி நாம் கொண்டுள்ள ஐயம் மனிதரைவிட மோசமானது போலும்!

அண்டை வீட்டார், அந்நியர், அரசின் ஆள் என மூவரையும் பிரித்துக் கேட்டதில் நுட்பம் உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கரியாலூரையும் சுற்றியுள்ள கல்வராயன் மலைச் சிற்றூர்களையும் எண்ணிப் பார்த்தால் அது விளங்கும். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் குலவுறவும் ஊர்க்கட்டும் வலுவானவை. ஊர்க்கவுண்டர் முன்னிலையில் வழக்குகள் பேசித் தீர்க்கப்படும் மரபுடையோர் அவர்கள். இப்னு கல்தூன் 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில் ‘அஸபிய்யா’ என்று குறிப்பிட்ட இனப்பிணைப்புக்கு உதாரணம் தேடி நாம் பாலைவனம் வரை செல்ல வேண்டியதில்லை.

ஆயின், மலையை விட்டு இறங்கியதும் கதை வேறு. 1976 வரை அம்மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. கூலியற்ற உழைப்பு அங்கு வழக்காக இருந்தது. பின்னாளில் இடைத்தரகர்களை நம்பி ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டச் சென்று சிறைப்பட்டோரும் அம்மக்களுள் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகுதான், கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது.

சிறியதாகத் தோன்றும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மலையில் விளையும் மரவள்ளிக்கிழங்கு சமவெளியின் சேகோ ஆலைகளுக்கு வருகிறது. எடை மட்டுமன்றி மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’டும் விலையைத் தீர்மானிக்கிறது. பாயிண்ட்டை அளப்பது வாங்குபவரின் ஆலை; விற்பவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். உற்றார் உறவினர் எத்தனை பேர் உடனிருந்தாலும் அந்த நிமிடத்தில் அவருக்குத் தேவைப்படுவது உறவன்று, அமானத். அளவில் மோசம் செய்வோரைக் கண்டிக்கவே ‘அல்முதஃப்ஃபிஃபீன்’ எனத் தனி அத்தியாயம் குர்ஆனில் இருப்பதும், மத்யன் மக்களிடம் ஷுஐப் (அலை) அளவையைப் பற்றி வாதாடியதும் தற்செயலல்ல.

நமது ஜமாஅத்துகளிலும் இப்பிரிவினை உண்டு. மஹல்லாவுக்குள் மையித்து என்றால் ஊரே திரளும். கடைக்கு வரும் வெளியூராரிடம் அதே கரிசனம் தராசுத் தட்டு வரை எட்டுகிறதா? உறவைப் பேணும் ‘ஸிலத்துர் ரஹிம்’ பற்றி ஜும்ஆக்களில் கேட்கிறோம். ‘லுகத்தா’ பாடம் மதரஸாச் சுவர்களைத் தாண்டுவதே இல்லை. கண்டெடுத்த பொருளின் பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் அடையாளம் குறித்துக்கொண்டு, ஓராண்டு அறிவிப்புச் செய்ய வேண்டும் என்பது நபிமொழி. கடைவீதிகளிலும் பள்ளிவாசல் வாயில்களிலும் அறிவிக்க வேண்டும் என்பர் சட்ட அறிஞர்கள். ஓராண்டு கழிந்து எடுத்தவர் செலவழித்துவிட்டாலும், பிறகு உரியவர் வந்தால் ஈடு கொடுத்தாக வேண்டும். வந்து நிற்பவர் எந்தக் குலம், எந்த ஊர் என்ற கேள்வி அப்பாடத்தில் இல்லை. பையின் அடையாளத்தை மட்டுமே அவரிடம் கேட்க வேண்டும்.