மரபணுப் பாதை – 9: பாடநூல் ஆறு என்கிறது, தரவுத்தளம் ஏழு என்கிறது

மரபியல் கற்க இணையத்தில் இப்போது வழிகளுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம் நடத்தும் ‘லேர்ன் ஜெனடிக்ஸ்’ தளத்தில் செல்லுக்குள் நடப்பதை அசைபடங்களாகப் பார்க்கலாம். கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் டி.என்.ஏ. கற்றல் மையம் மெண்டலின் பட்டாணிச் செடி தொடங்கி ஒவ்வொரு சோதனையையும் விரித்துச் சொல்கிறது. ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ‘பயோஇன்டராக்டிவ்’ குறும்படங்களையும் ஆசிரியருக்கான பாடக்குறிப்புகளையும் தருகிறது. எல்லாம் இலவசம், எல்லாம் நல்லவை. ஆனாலும் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவியை முதலில் எங்கே அனுப்பலாம் என்று கேட்டால், ஆராய்ச்சியாளர்கள் அன்றாடம் திறந்துவைத்து வேலை செய்யும் தரவுத்தளங்களுக்கு என்றுதான் சொல்வேன். கற்பிப்பதற்கென்றே செய்த தளம் பெரும்பாலும் முடிந்த விடையைத் தரும். தரவுத்தளத்தில் அந்த விடை எங்கிருந்து வந்தது, எதுவரை செல்லும் என்பதும் சேர்ந்தே தெரியும். மரபியலில் இது தெரியாமல் விடையை மட்டும் அறிந்திருப்பது ஆபத்து. ஏன் என்பதை ஒரே ஒரு மரபணுவைக் கொண்டு பார்ப்போம்.

பாடநூல்களில் தவறாமல் இடம்பெறும் கதிர் அரிவாள் ரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவதாக வரவேண்டிய குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆக்சிஜன் குறையும்போது அந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி இழையாகத் திரள, சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது. இந்த ஒற்றை மாற்றத்தை 1950-களில் கேம்பிரிட்ஜில் வெர்னன் இன்கிராம் கண்டுபிடித்தார். தேர்வுக்கு இவ்வளவு போதும். இனி அதே மாணவி அமெரிக்க அரசின் என்.சி.பி.ஐ. தளத்தில் எச்.பி.பி. என்ற மரபணுவைத் தேடட்டும். 11-வது குரோமோசோமில், ஏறத்தாழ 1,600 எழுத்து நீளத்தில் அது கிடைக்கும். அதில் புரதத்துக்கான குறிப்பு 444 எழுத்து. மும்மூன்றாகப் பிரித்துத் தாளில் எழுதினால் ஏடிஜி, ஜிடிஜி, சிஏடி, சிடிஜி, ஏசிடி, சிசிடி என்று போய், அதன்பிறகுதான் குளூட்டாமிக் அமிலத்துக்கான ஜிஏஜி வருகிறது. விரல்விட்டு எண்ணினால் அது ஏழாவது. பாடநூல் ஆறு என்கிறதே? இரண்டும் சரிதான். முதலில் வரும் ஏடிஜி-க்கு உரிய மெத்தியோனின், புரதம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே வெட்டி நீக்கப்படுகிறது. ரத்தத்திலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த அன்றைய வேதியியலாளர்களின் கையில் மெத்தியோனின் இல்லாத சங்கிலிதான் இருந்தது. அவர்களின் எண்ணிக்கை ஆறு. டி.என்.ஏ.வை நேரடியாக வாசிப்பவர்களின் எண்ணிக்கை ஏழு. நோயாளிக்குத் தரப்படும் மரபணுப் பரிசோதனை அறிக்கைகளில் இன்று ஏழு என்றும் இருக்கும், பழைய வழக்கப்படி ஆறு என்றும் இருக்கும். குரோமோசோமின் வரிசையைத் திரையில் காட்டும் ஜீனோம் பிரவுசரைத் திறந்தால் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. அரிவாள் மாற்றத்தில், அந்த 444-ல் இருபதாவது எழுத்தான ஏ என்பது டி ஆகிறது என்று படித்திருப்போம். திரையில் டி என்பது ஏ ஆனதாகத் தெரியும். இந்த மரபணு எதிர் இழையில் அமைந்திருப்பதே காரணம். இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்ற வாக்கியத்தை எத்தனையோ முறை எழுதிப் பார்த்தவருக்கும், அதன் பொருள் இந்த இடத்தில்தான் உறைக்கும்.

கையோடு கையாக, பீட்டா சங்கிலியின் புரத வரிசையை ‘பிளாஸ்ட்’ என்ற தேடல் கருவியில் இட்டுப் பார்க்கலாம். சிம்பன்சியின் வரிசையோடு 147 அமினோ அமிலமும் அப்படியே பொருந்தும். கொரில்லாவோடு ஒப்பிட்டால் ஒன்று மட்டும் வேறுபடும். பரிணாமத்துக்குச் சான்று கேட்பவருக்கு இதைவிடச் சுருக்கமான செய்முறை கிடைப்பது அரிது.

இதைவிட முக்கியமான பாடம் அடுத்த தரவுத்தளத்தில் இருக்கிறது. 2015-ல் நிறைவடைந்த ‘ஆயிரம் ஜீனோம்’ திட்டம் 26 மக்கள்குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் மரபணுத்தொகுப்பை உலகுக்கே திறந்துவைத்தது. அந்த 26-ல் ஒன்று, பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். 102 பேர் தம் ரத்தத்தைத் தந்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் ‘என்செம்பிள்’ தளத்தில் அரிவாள் மாற்றத்தின் பக்கத்தைத் திறந்தால், குழு வாரியாக அது எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற பட்டியல் வரும். ஆளுக்கு இரண்டு பிரதி என்று மொத்தம் 5,008 பிரதிகள். அரிவாள் மாற்றம் உள்ளவை 137. அவற்றில் 132 ஆப்பிரிக்க வம்சாவளிக் குழுக்களிலும், மீதி ஐந்து அமெரிக்கக் கண்டத்தின் குழுக்களிலும் உள்ளன. தெற்காசியர் 489 பேரில் ஒருவரிடம்கூட இல்லை. இலங்கைத் தமிழர் வரிசையில் பூஜ்ஜியம்.

இந்தப் பூஜ்ஜியத்தை நம்பினால் என்ன ஆகும்? அரிவாள் செல் நோய் நம் பக்கத்து நோயே அல்ல என்று முடிவுகட்டிவிடுவோம். உண்மையில் நீலகிரியின் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952-லேயே பதிவு செய்துவிட்டார்கள். மத்திய இந்தியாவின் பழங்குடிகளிடமும் வயநாட்டிலும் அது இருக்கிறது. 2023-ல் தொடங்கிய தேசிய ஒழிப்பு இயக்கம் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. தரவுத்தளம் பொய் சொல்லவில்லை. யாரைக் கேட்டதோ அவர்களைப் பற்றித்தான் அது சொல்கிறது. பிரிட்டனில் குடியேறியவர்களின் ரத்தம் நீலகிரியின் இருளர் பழங்குடியினரைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒரு எண்ணைப் பார்த்ததும் ‘இது யாரிடம் எடுத்த கணக்கு?’ என்று கேட்கும் பழக்கத்தை எந்த அசைபடமும் இவ்வளவு அழுத்தமாகக் கற்றுத்தராது.

‘பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வளவு எதற்கு? அடிப்படையே தடுமாறுகிறதே’ என்பது ஆசிரியர்கள் சொல்லக்கூடிய முதல் ஆட்சேபம். இதில் நியாயம் உண்டு. ஜீனோம் பிரவுசரை வழிகாட்டியின்றித் திறந்தால் தேர்ந்தவருக்கே கண் கட்டும். திரையைத் திறந்துவிட்டு ‘நீயே கண்டுபிடி’ என்று ஒதுங்குவதை நான் பரிந்துரைக்கவில்லை. ஒரு மரபணு, ஒரு கேள்வி, ஒரு வகுப்பு நேரம், பக்கத்தில் ஆசிரியர் என்றால் போதும். மேலே சொன்ன எண்ணும் வேலைக்கு மென்பொருள்கூட வேண்டாம். அச்செடுத்த ஒரு தாளும் பென்சிலும் போதும். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் நூலில் மனித ஜீனோம் திட்டத்துக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் வந்துவிட்டன. தளங்கள் ஆங்கிலத்தில் இருப்பது மெய்யான தடை. ஆனால் வரிசை என்பது நான்கே எழுத்து. சுற்றியுள்ள பொத்தான்களை விளக்க நான்கு பக்கத் தமிழ்க் கையேடு தேவை. அதைத் தயாரிப்பது பெரும் செலவுள்ள வேலை இல்லை, மனம் இருந்தால் ஒரு கோடை விடுமுறையில் முடியும்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. மக்கள்குழு வாரியாக மரபணுக் கணக்கைப் பிள்ளைகளிடம் காட்டுவது, இனமும் சாதியும் ரத்தத்திலேயே எழுதியிருக்கின்றன என்ற நஞ்சுக்கு உரமாகாதா? ஆகக்கூடும். அமெரிக்காவில் பிரையன் டொனோவன் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், நோய்களை இனப்பெயரோடு சேர்த்துச் சொல்லும் பாடப்பகுதியைப் படித்த எட்டாம் வகுப்பு மாணவர்களிடம், இனங்கள் இயல்பிலேயே வேறானவை என்ற எண்ணம் கூடியது. கவனியுங்கள், அங்கே தீங்கு செய்தது வழக்கமான பாடநூல் வாக்கியம். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், மனிதரிடையிலான மரபணு வேறுபாட்டின் பெரும்பகுதி ஒவ்வொரு குழுவின் உள்ளேயே இருக்கிறது என்பதைத் தரவோடு கற்ற மாணவர்களிடம் அந்த எண்ணம் குறைந்தது. ரிச்சர்ட் லெவொன்டின் 1972-லேயே ஏறத்தாழ 85 சதவீத வேறுபாடு குழுக்களுக்குள்ளேதான் என்று கணக்கிட்டிருந்தார். அரிவாள் செல்லும் இதையே சொல்கிறது. ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களை அது கொடிய மலேரியாவிலிருந்து காக்கிறது என்று 1954-ல் ஆண்டனி அலிசன் காட்டினார். அதனால்தான் அது ஆப்பிரிக்காவில், அரேபியாவில், கிரேக்கத்தின் சில பகுதிகளில், நம் மலைக்காடுகளில் இருக்கிறது. வரைபடத்தில் அது கொசுவின் வழித்தடத்தைப் பின்பற்றுகிறது. தோல் நிறத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. எனவே கணக்கை மறைப்பதால் பயனில்லை, காரணத்தோடு காட்ட வேண்டும்.

இவையெல்லாம் இலவசமாகக் கிடைப்பது தற்செயல் அல்ல என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். 1996 பிப்ரவரியில் பெர்முடாவில் கூடிய விஞ்ஞானிகள், மனித ஜீனோமில் வாசித்த பகுதிகளை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வெளியிடுவது என்று முடிவெடுத்தார்கள். ஜான் சல்ஸ்டன் போன்றோர் அதற்காக விடாப்பிடியாக நின்றார்கள். சந்தா கட்டினால்தான் பார்க்கலாம் என்று ஒரு தனியார் நிறுவனம் போட்டிக்கு வந்த காலத்திலும் பொதுத் திட்டம் அந்த உறுதியை விடவில்லை. அந்த முடிவு இல்லையென்றால் உசிலம்பட்டிப் பள்ளியும் ஹார்வர்டும் ஒரே வரிசையை ஒரே நாளில் திறக்க முடியாது.

அதே திறப்பு இந்தியத் தரவுக்கும் வேண்டும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ‘ஜீனோம்இந்தியா’ திட்டம் பழங்குடிகள் உட்பட 83 மக்கள்குழுக்களிடமிருந்து சுமார் 10,000 பேரின் மரபணுத்தொகுப்பைப் படித்து, 2025 ஜனவரியில் பரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தின் வழியே, அனுமதி பெற்ற ஆய்வாளர்களுக்குத் தரத் தொடங்கியது. தனிநபர் வரிசைகளுக்கு இந்தக் காவல் அவசியம். நீரிழிவு ஆய்வுக்கென்று ரத்தம் தந்த அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர், அது வேறு ஆய்வுகளுக்கும் போனதை அறிந்து வழக்குத் தொடுத்தார்கள். 2010-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. வகுப்பறைக்கோ தனிநபர் வரிசை தேவையே இல்லை. இந்த மாற்றம் எந்தப் பகுதியில் எத்தனை பேரில் ஒருவருக்கு என்ற தொகுப்பு எண் போதும். ரத்தம் தந்த சமூகங்களின் சம்மதத்தோடு, கடவுச்சொல் கேட்காத பக்கமாக, தமிழ் விளக்கத்தோடு அது பள்ளிக் கணினிக்கு வர வேண்டும். கூடலூரிலும் கோத்தகிரியிலும் படிக்கும் பிள்ளைகள் தங்கள் மலையைப் பற்றிய கணக்கை அதில் சரிபார்க்கட்டும்.