விறகின் மேல் கிடந்த போர்வை!

கந்தல் துணியால் உலகப் புகழ் பெற்ற கிராமத்துப் பெண்கள்

ஒரு வீட்டு வாசல். அங்கே விறகு அடுக்கி வைத்திருந்தது. விறகின் மேல் ஒரு போர்வை விரித்துக் கிடந்தது. பக்கத்தில் வீட்டுக்காரப் பாட்டி நின்றுகொண்டிருந்தார்.

இந்தக் காட்சியை ஒருவர் புகைப்படம் எடுத்தார். படம் ஒரு புத்தகத்தில் வெளிவந்தது.

வில்லியம் ஆர்னெட் என்பவர் அந்தப் படத்தைப் பார்த்தார். அவர் அமெரிக்காவில் கலைப் பொருள்களைச் சேகரிப்பவர். படத்தைப் பார்த்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இந்தப் போர்வை எங்கே இருக்கிறது? இதைத் தைத்தவர் யார்?" என்று தேடிப் புறப்பட்டுவிட்டார். இது நடந்தது 1998-ம் ஆண்டு.

தேடிப் போன இடம் ஒரு குக்கிராமம். பாட்டியின் பெயர் ஆனி மே யங். போர்வையைச் சும்மாவே கொடுத்துவிடப் பாட்டி தயாராக இருந்தார்! அந்த ஊரில் பழைய போர்வைக்கு அவ்வளவுதான் மதிப்பு. கிழிந்த போர்வையைக் கொளுத்திப் புகை போட்டுக் கொசு விரட்டுவார்கள்.

ஆர்னெட் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் போர்வைக்கும் வேறு சில போர்வைகளுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் டாலருக்குச் 'செக்' எழுதிக் கொடுத்தார்.

நான்கு ஆண்டுகள் சென்றன. 2002-ல் அந்த ஊர்ப் போர்வைகள் ஹூஸ்டன் நகரத்து அருங்காட்சியகத்தின் சுவர்களில் தொங்கின. பிறகு நியூயார்க் நகரத்துக்குப் போயின. பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்க்க வருவது போல் ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். பத்திரிகைகள் வாயாரப் புகழ்ந்தன.

கொசுவை விரட்டப் புகை போட்ட போர்வைக்கு இவ்வளவு மரியாதையா? அதைத் தைத்த பெண்கள் யார்? எதற்காகத் தைத்தார்கள்?

மூன்று பக்கம் ஆறு

அமெரிக்காவின் தெற்கே அலபாமா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே அலபாமா ஆறு ஓடுகிறது. ஓர் இடத்தில் அந்த ஆறு பாம்பு போல் வளைந்து திரும்புகிறது. வளைவுக்குள் இருக்கும் ஊர்தான் ஜீஸ் பெண்ட். 'ஜீ என்பவரின் வளைவு' என்று அதற்குப் பொருள். மூன்று பக்கமும் ஆறு. வெளியே போக ஒரே ஒரு பக்கம்தான் தரை வழி.

ஜோசப் ஜீ என்ற வெள்ளைக்கார முதலாளி 1816-ல் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். 1845-ல் தோட்டம் மார்க் பெட்வே என்பவர் கைக்குப் போயிற்று.

பெட்வேயிடம் அடிமைகள் இருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களின் வழி வந்த கறுப்பு இன மக்கள். வட கரோலினா மாநிலத்திலிருந்து ஏறக்குறைய நூறு பேரை அவர் புதிய தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். எப்படி? நடத்தியே கொண்டுவந்தார்! எத்தனையோ நாள் நடை.

1865-ல் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் அந்த மக்களுக்குப் போக்கிடம் ஏது? அதே நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்தார்கள். பழைய முதலாளியின் பெயரே அவர்களுடைய குடும்பப் பெயராகவும் நிலைத்துவிட்டது. அதனால்தான் அந்த ஊரில் பலருக்குக் குடும்பப் பெயர் 'பெட்வே'.

விதையையும் விடவில்லை

1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பருத்தி விலை படுத்துவிட்டது. ஊர் மக்கள் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு வியாபாரியிடம் கடன் வாங்கிக் காலம் தள்ளினார்கள்.

வியாபாரி இறந்துபோனார். 1932-ல் அவருடைய மனைவி கடனைக் கேட்டு ஆள் அனுப்பினார். பணம் இல்லை. வந்தவர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். கோழியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கலப்பையையும் வண்டியையும் எடுத்துக்கொண்டார்கள். சேர்த்து வைத்திருந்த தானியத்தையும் விதையையும்கூட விடவில்லை! ஏறக்குறைய 60 குடும்பங்கள் வெறுங்கையோடு நின்றன.

அந்தக் குளிர்காலத்தை அவர்கள் எப்படிக் கழித்தார்களோ! காட்டில் கிடைத்ததைத் தின்றார்கள். செஞ்சிலுவைச் சங்கம் உணவுப் பொருள் அனுப்பிக் காப்பாற்றியது.

பிறகு அரசாங்கம் கண் திறந்தது. நிலத்தை விலைக்கு வாங்கியது. வீடுகள் கட்டியது. அவற்றைத் தவணை முறையில் அந்த மக்களுக்கே விற்றது. சொந்த நிலம் வந்ததால் அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. தாய் கற்ற தொழிலை மகள் கற்றாள். மகளிடம் பேத்தி கற்றாள். அந்தத் தொழில்தான் போர்வை தைப்பது.

போர்வை பிறந்த விதம்

அலபாமாவில் குளிர்காலத்தில் நல்ல குளிர் உண்டு. அந்த நாளில் ஊரில் இருந்தவை மரக்கட்டையும் மண்ணும் கொண்டு கட்டிய குடிசைகள். இடுக்குகளில் காற்று சீறிக்கொண்டு வரும். காற்றைத் தடுக்கப் பழைய பத்திரிகைத் தாள்களைச் சுவரில் ஒட்டுவார்கள். ஒரு வீட்டில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலும் ஆச்சரியமில்லை. அத்தனை பேரும் குளிர் தாங்க வேண்டும். கடையில் கம்பளி வாங்கக் காசில்லை.

என்ன செய்வது? வீட்டில் இருப்பதை வைத்துத்தான் தைக்க வேண்டும்.

வயலில் உடுத்திக் கிழிந்த கால்சட்டை, பழைய சட்டை, பிள்ளைகளின் பாவாடை, மாவு மூட்டை, உர மூட்டை - எதையும் அவர்கள் வீசுவதில்லை. நல்ல பாகத்தை மட்டும் வெட்டி எடுப்பார்கள். துண்டோடு துண்டு சேர்த்துத் தைப்பார்கள். இது மேல் பக்கம்.

அடிப்பக்கத்துக்கு மூட்டைத் துணி. இரண்டுக்கும் நடுவில் பஞ்சு. பருத்திக் கொட்டை நீக்கும் ஆலையில் தரையில் சிந்திக் கிடக்கும் பஞ்சைக் கூட்டி வாருவார்கள். அதைக் கோலால் அடித்து, தூசி போக்கிப் பரப்புவார்கள்.

பிறகு மூன்று அடுக்கையும் ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். அடுக்குகள் விலகாமல் இருக்க, முழுவதும் ஓட்டுத் தையல் போடவேண்டும். மேல் பக்கத்தை ஒருத்தி தனியாகத் தைப்பாள். இந்த வேலைக்கு மட்டும் அண்டை வீட்டுப் பெண்கள் கூடுவார்கள். சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, தேவன் பெயரைச் சொல்லிப் பாடிக்கொண்டே தைப்பார்கள். இன்று உன் வீடு, நாளை என் வீடு. கூலி கிடையாது. கைக்குக் கை உதவி.

அளவு நாடா இல்லை. அச்சடித்த மாதிரி இல்லை. கண்தான் அளவு. ஒரு சிறு சதுரத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டை சேர்த்துக்கொண்டு போவது ஒரு வகை. அதற்கு 'வீட்டுக் கூரை' என்று பெயர். நீள நீளப் பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைப்பது இன்னொரு வகை. அதற்கு என்ன பெயர் தெரியுமா? 'சோம்பேறிப் பெண்'!

துண்டு போதவில்லையென்றால் வேறு நிறத்தைச் சேர்ப்பார்கள். கோடு கோணலாகப் போனால் போகட்டும் என்று விடுவார்கள். அந்தக் கோணலைத்தான் பிற்காலத்தில் அருங்காட்சியகத்துப் பண்டிதர்கள் அதிசயம் என்று கொண்டாடினார்கள்.

கணவனின் உடுப்பு

எல்லாப் போர்வையும் குளிருக்காகப் பிறந்தது அல்ல. ஒரு போர்வை துக்கத்தில் பிறந்தது.

மிஸ்ஸூரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துபோனார். பிள்ளைகுட்டிக்காரி. கணவர் வயலில் உடுத்திய உடுப்புகள் வீட்டில் இருந்தன. 1942-ல் அவற்றை எல்லாம் அவர் எடுத்து வைத்தார். மகள் ஆர்லோன்சியாவும் கூட இருந்து உதவினாள்.

கால்சட்டையின் கால்களைப் பிரித்தார்கள். சட்டையைப் பிரித்தார்கள். பட்டை பட்டையாக வெட்டி, ஒரு போர்வையாக இணைத்தார்கள். கணவரை நினைத்துக்கொள்ள வேண்டும், அந்த அன்பையே போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும் என்று தாய் சொன்னாராம். இதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மகளே சொல்லியிருக்கிறார்.

அந்த ஊரின் வேலை உடுப்புப் போர்வைகளை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். துணி முழுவதும் வெயிலில் வெளுத்திருக்கும். பையைப் பிரித்து எடுத்த இடம் மட்டும் கருநீலமாக இருக்கும். முழங்கால் பட்ட இடம் தேய்ந்திருக்கும். மண்ணில் முழங்காலிட்டு உழைத்த ஒரு மனிதனின் வாழ்க்கையே அதில் பதிந்திருக்கும்.

ஓடம் நின்றது

ஆற்றைக் கடந்தால் அக்கரையில் காம்டன் நகரம். வட்டாரத்தின் அலுவலகங்கள் அங்கேதான் இருக்கின்றன. கடக்க ஓர் ஓடம் இருந்தது.

அந்த நாளில் கறுப்பு இன மக்களை ஓட்டுப் போட விடமாட்டார்கள். 1960-ஐ ஒட்டி ஜீஸ் பெண்ட் மக்கள் ஓட்டுரிமை கேட்டுக் கிளம்பினார்கள். பெயரைப் பதிவு செய்யக் காம்டனுக்குப் போகவேண்டும். 1962-ல் ஓடம் திடீரென்று நிறுத்தப்பட்டது! கூப்பிடு தூரத்தில் இருந்த ஊருக்கு, தரை வழியாகச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் போகவேண்டியதாயிற்று.

மக்கள் மனம் தளரவில்லை. 1965 பிப்ரவரியில் ஒரு மழை இரவில் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்கு வந்தார். நீங்களும் மதிப்புள்ள மனிதர்களே என்று தைரியம் சொன்னார். ஊர் மக்கள் அவரோடு நடந்தார்கள். அதற்காகச் சிலர் வேலை இழந்தார்கள். சிலர் குடியிருந்த வீட்டையும் இழந்தார்கள். அந்த ஆண்டிலேயே ஓட்டுரிமைச் சட்டம் வந்தது.

இந்தக் கொடுமைகளை விசாரித்து எழுதப் பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் அந்தப் பக்கம் வந்தார். வழியில் ஒரு வீட்டுக் கொடியில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் அழகைப் பார்த்து அசந்துபோனார். ஒரு போர்வைக்குப் பத்து டாலர் கொடுத்து வாங்கி, நியூயார்க்கில் ஏலம் விட்டார். நல்ல விலைக்குப் போயின.

அதன் பலனாக 1966-ல் பெண்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். 'விடுதலைப் போர்வைச் சங்கம்' என்று பெயர். வயலில் மட்டும் உழைத்த பெண்கள் ஊசியாலும் சம்பாதித்தார்கள்.

ஆனால் ஒரு சங்கடம். கடைக்காரர்கள் எல்லாப் போர்வையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார்கள். கோணலுக்கு அங்கே இடமில்லை! 1972-ல் சியர்ஸ் கம்பெனிக்காகக் கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைக்கும் வேலையும் வந்தது. பெண்கள் சங்கத்தில் கம்பெனி சொன்னபடி தைத்தார்கள். மிஞ்சிய துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், தங்கள் மனம் போனபடி போர்வை தைத்தார்கள். அப்படிப் பிறந்த கார்டுராய்ப் போர்வைகளும் பின்னாளில் அருங்காட்சியகம் ஏறின.

பெருமையும் வழக்கும்

2006-ல் அமெரிக்கத் தபால் துறை இந்தப் போர்வைகளைப் பத்துத் தபால் தலைகளாக வெளியிட்டது. அதே ஆண்டில் ஓடமும் திரும்பி வந்தது. 44 ஆண்டுகளுக்குப் பிறகு! 2019-ல் அது மின்சாரத்தில் ஓடும் ஓடமாகவும் மாறியது.

புகழ் வந்த இடத்தில் பூசலும் வந்தது. தங்களுக்குச் சேரவேண்டிய பங்கு வரவில்லை என்று 2007-ல் சில பெண்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களில் விறகின் மேல் போர்வை போட்ட ஆனி மே யங் பாட்டியும் ஒருவர். 2008-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

2015-ல் அந்த ஊரின் மூன்று பெண்களுக்கு அமெரிக்க அரசின் பாரம்பரியக் கலை விருது கிடைத்தது. மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே ஆகியோரே அவர்கள்.

லொரெட்டா பெட்வே சொன்ன ஒரு செய்தி கேட்கத் தக்கது. தனக்குத் தையல் வேலை பிடிக்கவே பிடிக்காது என்றார் அவர்! பன்றிக்குத் தீனி வைக்க வேண்டும். வயல் வேலை பார்க்க வேண்டும். உடல் ஊனமுற்ற சகோதரரைக் கவனிக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஊசியைப் பிடிக்க யாருக்கு ஆசை வரும்? ஆனால் பிள்ளைகள் குளிரில் நடுங்கக் கூடாதே! அதற்காகத் தைத்தார்.

விருதை எண்ணி அவர் ஒரு தையல்கூடப் போடவில்லை. அருங்காட்சியகம் என்ற ஒன்றை எண்ணி மிஸ்ஸூரி பெட்வே தன் கணவரின் கால்சட்டையைப் பிரிக்கவில்லை. அவரவர் வீட்டில், அவரவர் பிள்ளைக்காகத் தைத்தார்கள்.

இன்று அந்தப் போர்வைகள் சுவரில் தொங்குகின்றன. தொடக்கூடாது என்று பலகை போட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அதே போர்வைகளை மூன்று நான்கு பிள்ளைகள் இழுத்துப் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டு, கதகதப்பாகத் தூங்கினார்கள்.