லேபிள் இல்லாத மாத்திரை!

நீங்க போட்டிருக்கிற டி-ஷர்ட்டோட லேபிளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. எத்தனை பர்சன்ட் காட்டன், எந்த நாட்டுல தைச்சது, எப்படித் துவைக்கணும்... எல்லாமே இருக்கும். ஒரு பனியனுக்கே இவ்வளவு விவரம்! ஆனா, அதைத் தைக்கிற பொண்ணுக்குத் தர்ற மாத்திரையில? பேர் இல்லை, என்ன மருந்துன்னு இல்லை, எக்ஸ்பைரி தேதிகூட இல்லை!

இதை ஊருக்குச் சொன்னவர், அனுராதா நாகராஜ். சென்னையில் இருந்து தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷனுக்காக எழுதிய பத்திரிகையாளர். பெண் தொழிலாளர்கள், கொத்தடிமை, ஆள்கடத்தல்னு யாரும் எட்டிப் பார்க்காத பக்கமா தேடிப்போய் எழுதினவர்.

2019 ஜூன்ல வந்தது அந்தக் கட்டுரை. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகள்ல வேலை பார்க்கிற சுமார் 100 பெண்கள்கிட்ட பேசித் தயாரானது. மாதவிடாய் வலின்னு சொன்னா லீவுக்குப் பதிலா மாத்திரை. பேசின அத்தனை பேருக்கும் அது கிடைச்சிருக்கு. பாதிக்கும் மேற்பட்டவங்க, 'உடம்பே கெட்டுப்போச்சு'ன்னாங்க. அந்த மாத்திரைகளைப் பார்த்த டாக்டர்கள், ஐபுப்ரூஃபன் மாதிரியான வலி நிவாரணின்னு சொன்னாங்க. அடிக்கடி சாப்பிட்டா ஆபத்து!

அப்போ அமல்ல இருந்த 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டப்படி, 500 பேருக்கு மேல வேலை செஞ்சா தகுதியான மருத்துவ ஆட்களோட தனி அறையே இருக்கணும். நிஜத்துல மருந்து கொடுத்தது பெரும்பாலும் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. கட்டுரை வந்த பிறகு, 'தொழிலாளர்களோட உடல்நலத்தைக் கண்காணிக்கத் திட்டம் கொண்டுவருவோம்'னு மாநில அரசு சொன்னது.

ஏன் இந்த அவசரம்? லைன்ல ஒருத்தர் எழுந்தா அடுத்தவருக்கு பீஸ் போகாது. டார்கெட் காலி! எங்க இன்ஜினீயரிங் சிலபஸ்ல இதுக்கு 'லைன் பேலன்சிங்'னு பேரு. ஒரு வேலைக்கான நேரத்தைக் கணக்குப் போடுறப்ப, 'பர்சனல் அலவன்ஸ்'னு கொஞ்சம் நேரம் சேர்க்கணும். எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கினேன். அது ஒரு பொண்ணோட வயித்து வலிக்கான நேரமும்தான்னு யோசிச்சதே இல்லை.

கட்டுரையைப் படிச்சுட்டு, திருப்பூர்ல எங்க பக்கத்து வீட்டு அக்காகிட்ட போனேன். பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். "வலி வந்தா என்னங்க்கா பண்ணுவீங்க?"

மெஷினை நிறுத்துற மாதிரி சட்டுனு நிமிர்ந்து பார்த்தாங்க. "இதையெல்லாம் யாரு கண்ணு கேக்கறா?"

அப்புறம் அரை மணி நேரம் பேசினாங்க. பாத்ரூம் போறதுக்குக்கூட பயந்து தண்ணி குடிக்காம இருந்த நாள்களைப் பத்தி. நாலு வருஷமா தினமும் பார்க்கிறேன், எனக்கு ஒண்ணுமே தெரியலை. ஏன்னா, நான் கேட்டதே இல்லை.

அனுராதா செஞ்சது மந்திரம் இல்லை ஃப்ரெண்ட்ஸ். கேட்டார், பொறுமையா கேட்டுக்கிட்டார், எழுதினார். அடுத்த முறை இண்டஸ்ட்ரியல் விசிட் போறப்ப, மெஷினோட ஸ்பீடை மட்டும் நோட் பண்ணாதீங்க. "இங்கே நர்ஸ் யாருங்க?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. யாரும் பதில் சொல்லலைன்னா, அதையும் உங்க ரிப்போர்ட்ல எழுதுங்க!