ஆறிப்போன காப்பி

1956ஆம் வருஷம் ஜனவரி 27ஆம் தேதி நள்ளிரவை நெருங்கும் வேளையில், அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள மாண்ட்கோமரி நகரத்துப் போதகர் இல்லம் ஒன்றில் டெலிபோன் மணி ஒலித்தது. மனைவி கண்ணயர்ந்துவிட்டாள், பிறந்து பத்து வாரமே ஆகியிருந்த பெண் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்று தினங்களுக்குள் ஊரை விட்டு ஓடாவிட்டால் உயிரும் மிஞ்சாது, வீடும் மிஞ்சாது என்று, பெயர் சொல்லாத ஒருவன் வசைமொழியோடு எச்சரித்துவிட்டு டெலிபோனை வைத்துவிட்டான். அதைக் கேட்டு நின்ற மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது வயது 27.

மிரட்டல் அவருக்குப் புதிதன்று. முந்திய டிசம்பர் 1ஆம் தேதி, பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்த ரோஸா பார்க்ஸ் என்னும் மாது கைதானதையொட்டி, 5ஆம் தேதி முதல் நகரத்து நீக்ரோ ஜனங்கள் பஸ் ஏறுவதில்லை என்று விரதம் பூண்டு நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தலைமை வகித்த நாள் தொட்டு, வசைக் கடிதமும் டெலிபோனுமாக வரத் தொடங்கி, நாளடைவில் தினந்தோறும் முப்பது நாற்பது என்று பெருகியிருந்தன. மேலும், 25 மைல் வேகத்தில் போக வேண்டிய வீதியில் 30 மைல் வேகத்தில் கார் ஓட்டினார் என்ற குற்றத்துக்காக, முதல் நாள்தான் அவர் தம் வாழ்வில் முதன்முறையாகச் சிறைக் கதவுக்கு உட்புறம் நின்று திரும்பியிருந்தார். எத்தனையோ மிரட்டல்களைத் தாங்கிய நெஞ்சம் அன்றிரவு மட்டும் ஏன் உடைந்தது என்பதற்கு விசேஷ காரணம் தேட வேண்டியதில்லை. நிரம்பிய குடம் ஒரு துளியில் வழிந்துவிடுகிறது.

உறக்கம் பிடிக்காமல் எழுந்து, கூடத்தில் நடந்து பார்த்து, கடைசியில் சமையலறைக்குப் போய்க் காப்பியைச் சுடவைத்துக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு மேஜையருகே உட்கார்ந்தவர், அதைத் தொடவில்லை. கோழை என்ற பெயர் வராமல் இந்தப் பொறுப்பிலிருந்து நழுவிவிட வழி உண்டா என்றுதான் யோசித்ததாகப் பின்னாளில் அவரே, யாதொரு பூச்சுமின்றி எழுதியிருக்கிறார். தந்தையிடம் ஓடலாம் என்றால் அவர் 175 மைலுக்கு அப்பால் அட்லாண்டாவில் இருந்தார். தகப்பனார், பாட்டனார், முப்பாட்டனார் எல்லோரும் போதகர்கள். தாமோ வேதசாஸ்திரம் கற்று டாக்டர் பட்டம் பெற்றவர். ஆனாலும் பரம்பரையாக வந்த கடவுளும், புத்தகத்தில் படித்த கடவுளும் அந்த வேளைக்குப் போதவில்லை. கைகளில் தலையைப் புதைத்து, வாய்விட்டே ஜெபித்தார். தாம் எடுத்த காரியம் நியாயமானதென்றே நம்புவதாகவும், ஆனால் இப்போது அச்சம் பிடித்துவிட்டதாகவும், ஜனங்கள் தம்மை இந்த ஸ்திதியில் கண்டால் அவர்களும் தைரியம் இழப்பார்கள் என்றும், தனியே நின்று சமாளிக்கத் தம்மிடம் இனி ஒன்றுமில்லை என்றும் முறையிட்டார். நீதிக்காகவும் சத்தியத்துக்காகவும் எழுந்து நில், நான் உன்னோடிருப்பேன் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது போலிருந்ததாம்.

‘பயப்படாதே’ என்னும் சொல் வேதாகமத்தில் இத்தனை முறை வருகிறது என்று கணக்குச் சொல்லும் பிரசங்கிகள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கில் சிரத்தை இல்லை. பயப்படுகிறவனைப் பார்த்துத்தானே அப்படிச் சொல்ல முடியும்? கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே வியாகுலப்பட்டார் என்று சுவிசேஷங்கள் மறைக்காமல் சொல்லுகின்றன. அஞ்சவே மாட்டேன் என்று மார்தட்டுவதை விசுவாசம் என்று மயங்குகிறோம். சமையலறையில் அந்த இளைஞர் செய்ததோ, ஒருவருக்கும் காட்டத் துணியாத நடுக்கத்தை ஒருவரிடத்தில் ஒப்புக்கொண்டதுதான்.

மூன்றாம் நாள் இரவு, அவர் கூட்டமொன்றில் இருந்த சமயம், வீட்டு முகப்பில் வெடிகுண்டு வீசப்பட்டது. திண்ணையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டதுமே மனைவி கொரெட்டாவும் உடனிருந்த சிநேகிதியும் பின்கட்டுக்கு ஓடியதால் ஒருவருக்கும் காயமில்லை. விரைந்து வந்த கிங், கண்ணாடிச் சில்லுகள் சிதறிய அதே முகப்பில் நின்று, ஆயுதங்களோடு கொதித்து நின்ற ஜனங்களைப் பகைவரையும் நேசிக்கும்படி வேண்டி அமைதியாக வீடு திரும்பச் செய்தார்.

கதையை இங்கே நிறுத்திவிட்டால் ஞாயிறு பள்ளிக்கு உகந்ததாக இருக்கும். ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, காரில் துப்பாக்கி வைத்துக்கொள்ள அவரே லைசென்ஸுக்கு விண்ணப்பித்தார், அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். வீட்டில் துப்பாக்கியும் இருந்தது. அது இருந்த நாட்களில்தான் தமக்கு மிகுதியான அச்சம் இருந்ததென்று கண்டு, அதை அகற்றிவிட்டு, வீட்டைச் சுற்றிப் பிரகாசமான விளக்குகள் போட்டு, ஆயுதமில்லாத காவற்காரரை அமர்த்திக்கொண்டார். வெளியே ஆபத்து என்னவோ நீங்கிவிடவில்லை. அந்தச் சமையலறை இரவுக்குச் சரியாக ஒரு வருஷம் கழித்து, 1957 ஜனவரி 27 அன்று, அதே முகப்பில் வெடிக்காத 12 டைனமைட் குச்சிகள் கிடந்தன.

பஸ் பகிஷ்கார காலத்துக் கூட்டம் ஒன்றில், உள்ளுக்குள் அச்சத்தை அடக்கிக்கொண்டு, வெளிக்குத் தெம்பாகவே பேசி முடித்தார் கிங். எழுத்து வாசனையில்லாத ஓர் ஏழை மூதாட்டி, மதர் பொலார்டு என்று ஊரார் அழைப்பது வழக்கம், முன்னே வந்து அவரை அருகே அழைத்து, இன்று உன் பேச்சில் பலமில்லையே, என்ன சங்கதி என்று கேட்டாள். ஒன்றுமில்லை அம்மா என்றார். அவள் அவர் முகத்தை இன்னும் நெருங்கிப் பார்த்து, என்னை ஏமாற்ற முடியாது மகனே என்றாள். நாங்களெல்லாம் உன் கூடவே இருக்கிறோம் என்றாள். நாங்கள் இல்லாமற் போனாலும் கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்வார் என்றாள்.