வாங்கியது நான்கு, தெரிவது மூன்றேகால்

2009ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, பஞ்சாலையில் பணிபுரியும் அன்பர் ஒருவர் முகம் சிவக்க நம் பங்கு இல்லத்திற்கு வந்தார். பொறியியல் பயிலும் மகனுக்காக, வீட்டிலிருந்த கணிப்பொறியின் நினைவகத்தைப் பெருக்க எண்ணி, சீட்டு எடுத்த பணத்தில் இரண்டு ஜிகாபைட் கொள்ளும் பலகைகள் இரண்டினை அவர் வாங்கிப் பொருத்தியிருந்தார். ராம் என்று கடைகளில் கூறுவது இவற்றைத்தான். இரண்டும் இரண்டும் நான்கு அன்றோ? கணிப்பொறியோ 3.25 என்று காட்டிற்று. "கடைக்காரன் பழுதான பலகையைத் தலையில் கட்டிவிட்டான், சாமி. கேட்டால், அது அப்படித்தான் காட்டும் என்கிறான்" என்று குமுறினார்.

நாமும் அவர் சொல்லை அப்படியே நம்பினோம் என்பதை மறைப்பதற்கில்லை. அடுத்த ஞாயிறு இளைஞர் கூட்டத்தில், கடையின் பெயரைக் கூறாவிடினும் எல்லோருக்கும் விளங்கும்படியாகவே, "இன்ன இடத்தில் பார்த்து வாங்குங்கள்" என்று எச்சரித்தோம். சிற்றூரில் அத்தகைய ஒரு சொல் ஒரு கடையை என்ன செய்யும் என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்தபின், கல்லூரியில் கணிப்பொறியியல் பயிற்றும் ஆசிரியர் ஒருவர் நம்மைத் தனியே அணுகினார். "சாமி, கடைக்காரர்மீது தவறு இல்லை. நான்கும் உள்ளேதான் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்குத்தான் அது எட்டவில்லை" என்றார். அன்று அவர் விளக்கியதையும், பின்னர் நாம் தேடிப் படித்ததையும் இங்கு எழுதுகிறோம்.

கணிப்பொறியின் நினைவகம் கோடிக்கணக்கான சிறு அறைகளைக் கொண்டது. ஓர் அறையில் ஒரு பைட் அடங்கும். ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. அதனை முகவரி என்பர். மையச் செயலி எந்த அறையைத் திறக்க வேண்டுமாயினும் அதன் எண்ணைச் சொல்லியே திறக்க இயலும். எண் இல்லாத அறை இருந்தும் இல்லாததே. இந்த எண் நாம் எழுதுவது போல் பத்து இலக்கங்களால் ஆனதன்று. 0, 1 என்னும் இரண்டே குறிகளால் ஆனது. அத்தகைய குறி ஒன்றுக்குப் பிட் என்று பெயர். ஒரு பிட் கொண்டு இரண்டு அறைகளைச் சுட்டலாம். இரண்டு பிட் எனில் நான்கு. மூன்று எனில் எட்டு. இவ்வாறு ஒவ்வொரு பிட் கூடும்போதும் தொகை இரட்டிப்பாகும். 32 பிட் கொண்டு 4,29,49,67,296 அறைகளைச் சுட்டலாம். இதுவே நான்கு ஜிகாபைட். விண்டோஸ் எக்ஸ்பியின் பெரும்பான்மைப் பதிப்புகள் இந்த 32 பிட் கணக்கில் எழுதப்பட்டவை.

அப்படியாயின் நான்கும் தெரிய வேண்டுமே, முக்கால் ஜிகாபைட் எங்கே போயிற்று என்று வாசகர் வினவலாம். நாமும் அதையே வினவினோம்.

நூறு கதவெண்கள் மட்டுமே வழங்கப்பட்ட ஒரு தெருவை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கு நூறு வீடுகள் கட்டப்பட்டன. ஆனால் அஞ்சலகத்திற்கும் நூலகத்திற்கும் பள்ளிக்கும் எனப் பத்தொன்பது எண்களை முன்பே ஒதுக்கிவிட்டனர். மிஞ்சியவை 81. மற்ற வீடுகள் சுவரும் கூரையுமாய் நிற்கின்றன. கடிதம் மட்டும் வராது. கணிப்பொறியிலும் இதுவே நிகழ்கிறது. திரையில் படம் காட்டும் அட்டை, வலையமைப்பு அட்டை, தொடக்க நிரலைத் தாங்கிய சில்லு ஆகியவற்றோடு செயலி பேசுவதும் முகவரிகள் வழியாகவே. இவற்றுக்கெனப் பெரும்பாலும் நான்கு ஜிகாபைட்டின் மேற்பகுதி ஒதுக்கப்படுகிறது. படம் காட்டும் அட்டை பெரிதாயின் அது கவரும் எண்களும் மிகுதி. ஆகவேதான் ஒரு வீட்டில் 3.5 என்றும், மற்றொரு வீட்டில் 3 என்றும், நம் அன்பர் வீட்டில் 3.25 என்றும் தெரிந்தது.

இந்தத் தொல்லை புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியின் இன்டெல் 8088 செயலிக்கு 20 முகவரிக் கம்பிகளே இருந்தன. ஆக மொத்தம் 10,48,576 அறைகள். அவற்றில் 640 கிலோபைட் நிரல்களுக்கு. எஞ்சிய 384 திரைக்கும் பிற உறுப்புகளுக்கும். 1985இல் வந்த இன்டெல் 80386 செயலி 32 கம்பிகளைப் பெற்றது. ஒரு மெகாபைட் நினைவகம் இருந்தாலே செல்வம் எனக் கருதப்பட்ட அக்காலத்தில், நான்கு ஜிகாபைட் என்பது எவரும் தொடாத தொலைவாகவே தோன்றியிருக்கும்.

விண்டோஸ் 98இன் கதை இன்னும் வேடிக்கையானது. 512 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் பொருத்தினால், "நினைவகம் போதவில்லை" என்று அது முறையிடுவது உண்டு! கோப்புகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் அதன் பகுதி, உள்ள நினைவகத்தின் அளவுக்கேற்ப முகவரிகளை முன்கூட்டியே வளைத்துப் போட்டுவிடும்; மற்றவற்றுக்கு எண் மிஞ்சாது. அங்கும் தீர்ந்தவை எண்களே.

இனி நமக்குச் சற்று வருத்தம் தந்த செய்தி ஒன்று. நான்கு ஜிகாபைட் என்னும் வேலியைத் தாண்ட வழியே இல்லாதிருந்தது என்று சொல்வதற்கில்லை. இன்டெல் 1995இல் வெளியிட்ட பென்டியம் புரோ செயலி முகவரியை 36 பிட்டாக நீட்டி, 64 ஜிகாபைட் வரை எட்டும் வழியைத் திறந்தது. அவ்வழியே லினக்ஸ் சென்றது. மைக்ரோசாப்டின் விலையுயர்ந்த சர்வர் பதிப்புகளும் சென்றன. வீட்டுக்கு விற்ற எக்ஸ்பியை மட்டும், 2004இல் வந்த இரண்டாம் திருத்தத் தொகுப்பிலிருந்து, நான்கு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட முகவரிகளை ஏறெடுத்தும் பாராதபடி அந்நிறுவனம் கட்டிவைத்தது. அவர்கள் கூறிய காரணம் பொருளற்றதன்று. அட்டைகளையும் அச்சுப்பொறிகளையும் இயக்கும் டிரைவர் என்னும் சிறு நிரல்களைப் பலர் பலவாறு எழுதியிருந்தனர். முகவரி 32 பிட்டுக்கு மேல் போகாது என்றே அவற்றுள் பல நம்பியிருந்தன. பெரிய எண்ணைக் கண்டால் அதன் தலையை வெட்டிவிட்டுத் தவறான அறையில் எழுதிவிடும், கணிப்பொறி நிலைகுலையும். முக்கால் ஜிகாபைட்டுக்காக அந்த இடரை ஏற்பதா என்று எண்ணினார்கள் போலும். இதனை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் 2009இல் வந்த விண்டோஸ் 7இன் வரம்புகளை அவ்வாறு ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அதன் 64 பிட் வகையில் முகவரித் தட்டுப்பாடு இல்லை. இருந்தும் ஹோம் பேசிக் பதிப்புக்கு 8 ஜிகாபைட், ஹோம் பிரீமியம் பதிப்புக்கு 16, புரொபஷனல் பதிப்புக்கு 192 என்று எல்லை வகுத்தனர். இங்கே எண் தீரவில்லை. கொடுத்த விலைக்கு இவ்வளவு என்பதே கணக்கு. இரண்டு வகைத் தடையும் திரையில் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், எது எதனால் என்று பயன்படுத்துவோர் அறிவது கடினம்.

பழைய கணிப்பொறியை இன்றும் வைத்திருக்கும் குடும்பங்கள் பலகை வாங்கப் புறப்படுமுன் தம்முடைய இயக்க முறைமை 32 பிட்டா 64 பிட்டா, என்ன பதிப்பு என்று பார்த்துக்கொள்வது நன்று. 64 பிட்டுக்கு மாறினாலே போதும் என்றும் எண்ண வேண்டா. மறைந்த பகுதியை நான்கு ஜிகாபைட்டுக்கு மேல் இடம் மாற்றித் தரும் ஆற்றல் தாய்ப்பலகைக்கும் வேண்டும்; பழைய தாய்ப்பலகைகள் சிலவற்றுக்கு அது இல்லை.

அடுத்த ஞாயிறே, அதே இளைஞர்கள் முன் நம் சொல்லைத் திரும்பப் பெற்றோம். பஞ்சாலை அன்பரையும் அழைத்துக்கொண்டு கடைக்குச் சென்றோம். கடைக்காரர் கணிப்பொறியின் மூடியைத் திறக்கவும் இல்லை. மின்னைப் போட்டு, தொடக்கத்தில் கருந்திரையில் ஓடிய எழுத்துகளுள் 4096 என்ற எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். "எனக்கும் காரணம் தெரியாது, சாமி. பொருத்திக் கொடுத்த எல்லாமே இப்படித்தான் காட்டின. அதனால் அப்படிச் சொன்னேன்" என்றார். அன்பர் தலை குனிந்து நின்றார், நாமுந்தான்.

2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திற்று. அவ்வாண்டே அன்பர் அந்தப் பெட்டியை அதே கடைக்கு எடுத்துச் சென்று 64 பிட் லினக்ஸ் ஏற்றச் செய்தார். மாலையில் நம்மைத் தொலைபேசியில் அழைத்து, "3.9 காட்டுகிறது, சாமி" என்றார்.