உங்களுக்குத் தெரியுமா? கண்டெய்னரின் கடைசி இலக்கமும் குவாண்டம் கணினியும்

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு கண்டெய்னரின் மேலும் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் கடைசி இலக்கம் முன்னுள்ள பத்துக் குறிகளையும் கொண்டு கணித்துப் பெறப்பட்டதாதலால், எவரேனும் ஒரு குறியைப் பிறழ எழுதினும் அப்பிழையை அது பெரும்பாலும் உடனே புலப்படுத்திவிடும்.

குவாண்டம் கணினிக்கோ இவ்வுபாயம் அப்படியே பொருந்துவதில்லை. அதன் அடிப்படைச் செய்தி அலகாகிய, வெப்பத்தாலும் புறச்சலனங்களாலும் எளிதில் சிதையும் கியூபிட்டின் அறியப்படாத நிலையைப் பிரதி எடுக்க இயற்கை விதி இடந்தராது. நேரே அளந்து பார்ப்போமாயின் அந்நிலையே குலைந்துவிடும். ஆதலின், 1995-இல் அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஷோர், ஒரு கியூபிட்டின் செய்தியை ஒன்பது கியூபிட்டுகளில் பரப்பி, அச்செய்தியைத் தீண்டாது, அவற்றினிடையேயுள்ள பரஸ்பர சம்பந்தத்தை மாத்திரம் அளந்து, பிழையைக் கண்டு திருத்தும் மார்க்கத்தை வகுத்தளித்தார்.

இத்தகைய காப்பில் கியூபிட்டுகளைப் பெருக்கப் பெருக்கப் பிழை விகிதம் குறையும் என்பதைக் கூகுளின் வில்லோ சில்லு மெய்ப்பித்த செய்தி 2024 டிசம்பரில் வெளியாயிற்று. நம் நாட்டில் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இத்துறை ஆராய்ச்சி நடைபெறுகின்றது. இத்தகைய ஆராய்ச்சியை ஊக்குவிக்கும் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அரசு 2023-இல் ஒப்புதல் அளித்த தொகை ரூ.6,003.65 கோடி.